குளிர்ந்த ஊற்றும் கும்பக்கரை நீரும்

தோலில் படை கண்டவரைக் கும்பக்கரையில் சில நாள் நீராடிவரச் சொல்லும் பெரியவர்கள் எங்கள் பெரியகுளத்தில் உண்டு. சான்றாக நபி ஐயூப் (அலை) அவர்களின் வரலாற்றைக் காட்டுவார்கள். அவர்கள் காலால் நிலத்தை உதைக்கப் பணிக்கப்பட்டதும், குளிக்கவும் பருகவும் குளிர்ந்த நீர் கிடைத்ததும் திருமறையின் 38ஆம் அத்தியாயமான 'ஸாத்'தில் வருகின்றன. ஆனால் வந்தது தோல்நோய் என்பது விரிவுரையாளர் கூற்றே. மேனியில் புழு நெளிந்தது என்னும் கதையோ (பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்) ஆதாரமற்றது.

கும்பக்கரையில் விழுவது கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் ஓடைநீர். திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் போன்ற ஊற்று அன்று. தாதுநீரும் சேறும் பயன் தருவது மெய்தான். ஜோர்டானை ஒட்டிய சாக்கடலில் மூன்றிலொரு பங்கு உப்பு, மக்னீசியம் மிகுதி. அங்கு நீராடி, கருஞ்சேறு பூசி, வெயில் காய்வோருக்குக் காளாஞ்சகப்படை தணிகிறது. சில மாதங்களில் அது திரும்புவதும் உண்டு.

எனக்குக் கவலையெல்லாம், கிள்ளினாலும் வலிக்காத வெளிறிய தேமலைப் பற்றித்தான். அது தொழுநோயாக இருந்தால், அருவிக்கு நடக்கும் நாள்களில் நரம்பு கெடும். உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆறு மாதமோ ஓராண்டோ உண்டால் குணமாகும். தொடங்கிய சில நாள்களிலேயே தொற்றும் நின்றுவிடும். இருந்தும், மகளின் நிக்காஹ் தடைப்படுமென்று நோயை ஒளிக்கிறார்கள். ஊரார் ஒதுக்கியபோதும் ஐயூப் நபியின் துணைவியார் உடனிருந்து பணிவிடை செய்ததாகச் சொல்லப்படும் பகுதியை மட்டும் எவரும் நினைவூட்டுவதில்லை.

மருந்தைத் தொடங்கிவிட்டுக் கும்பக்கரைக்குச் செல்வோரை நான் தடுப்பதில்லை. பாறை வழுக்கும், பார்த்துக் கால் வைக்கச் சொல்வேன்.