சித்தப்பாவின் கண்ணில் விழுந்த பூ

மதுரை அண்ணா நகரில் வீடு இருப்பதில் ஒரு வசதி உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. இரண்டும் ஒன்றுதான். அரவிந்த் கண் மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். அதனால் சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கத்துச் சொந்தக்காரருக்குக் கண்ணில் கோளாறு வந்தாலும் முதல் நாள் ராத்திரி எங்கள் வீட்டு ஹாலில்தான் பாய் விரிப்பார்கள். "காலையில வெள்ளன போயி டோக்கன் வாங்கணும்ல..." என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்கள். நானும் கூடுதலாக ரெண்டு டம்ளர் அரிசி போடுவேன்.

பெரும்பாலும் கண்புரைதான். ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு சிரித்த முகமாக ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். அப்படிச் சிரிக்காமல் வந்தவர் என் சித்தப்பா. 2011 மாசி மாதம். சோழவந்தான் பக்கம் இரண்டாம் போக அறுப்பு நடந்துகொண்டிருந்தது.

களத்தில் கதிர் அடிக்கும்போது ஒரு நெல் தெறித்து இடது கண்ணில் பட்டிருக்கிறது. "சுருக்குனு குத்துச்சு, கசக்கி விட்டேன், சரியாப் போச்சு" என்றார். சரியாகப் போகவில்லை. இரண்டாம் நாள் கண் சிவந்ததும் சித்தி விளக்கெண்ணெய் விட்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்ததால் தாய்ப்பாலும் பீய்ச்சி விட்டாயிற்று. அடுத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து. அது என்ன மருந்து என்று யாருக்கும் தெரியாது, குப்பியை எங்கேயோ எறிந்துவிட்டார்கள். என் வீட்டு வாசலில் அவர் வந்து நின்றது பத்தாம் நாள். கண்ணைத் திறக்கவே முடியவில்லை. விரலால் இமையை விலக்கிப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் வெள்ளையில் பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல ஒரு திட்டு.

"கண்ணில் பூ விழுந்துடுச்சு" என்று கிராமத்தில் சொல்வோமே, அது இதிலிருந்து ஆரம்பிப்பதுதான். என் சின்ன வயதில் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் அப்படி இருந்தார். சிலருக்கு அம்மை போட்டதால், சிலருக்குச் சத்துக் குறைவால், சிலருக்கு இப்படி வயலில் அடிபட்டதால். எல்லாவற்றுக்கும் சேர்த்து நாங்கள் வைத்திருந்த ஒரே காரணம், தலையெழுத்து.

கருவிழி என்பது உண்மையில் கறுப்பே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அது கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு ஜன்னல். பின்னால் இருக்கிற பகுதியின் நிறம்தான் நமக்குத் தெரிகிறது. நடுவில் அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அதில் ரத்தக்குழாய்கூடக் கிடையாது. அந்த அரை மில்லிமீட்டரில்தான் நெல் கீறியிருந்தது. கீறல் வழியாகப் பூஞ்சை உள்ளே போய்விட்டது.

மருத்துவமனையில் புண்ணை லேசாகச் சுரண்டி எடுத்து, ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். நூல் நூலாகப் பூஞ்சை இருக்கிறதாம். நம் பக்கத்துக் கண்களில் அதிகம் காணப்படுவது ஃபியூசேரியம் என்ற வகை. மண்ணிலும் செடியிலும் வாழ்வது. வாழையில் வாடல் நோய் வருகிறதே, அதற்குக் காரணமான பூஞ்சையும் இதே குடும்பம்தான். இதைச் சொன்னபோது சித்தப்பாவுக்கு முதல்முறையாக பயம் வந்தது. வாடல் நோய் வந்த வாழைத்தோப்பு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. ஓர் இளம் டாக்டரும் ஆராய்ச்சிப் பிரிவுப் பெண் ஒருவரும் எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். இரண்டு சொட்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று நேட்டமைசின், பழையது. இன்னொன்று வொரிகோனசோல், புதியது. இரண்டுமே ஏற்கெனவே டாக்டர்கள் பயன்படுத்துபவைதான். எது மேல் என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வு நடக்கிறது. சேர்ந்தால், உங்களுக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் மாதிரி ஒரு முறை முடிவு செய்யும். உங்களுக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. சேர விருப்பமில்லை என்றாலும் வழக்கமான சிகிச்சை உண்டு. நடுவில் விலகிக்கொள்ளலாம்.

சித்தப்பா மகன் என் கையைப் பிடித்து வராண்டாவுக்கு இழுத்துப் போனான். "என்னக்கா இது, நம்மளை எலி மாதிரி வெச்சுப் பாக்குறாங்களா? அப்பாவுக்கு நல்ல மருந்தைக் குடுக்கச் சொல்லுங்க!"

அவன் கோபம் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. படிக்காத விவசாயி, ஒரு கண் போகப்போகிறது, கையில் நாலு பக்கப் படிவம். எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. அந்தப் படிவத்தைத் தமிழில் ஒருமுறைக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

சித்தப்பாதான் கேட்டார், நேராக டாக்டரிடம். "ரெண்டுல எது நல்லதுன்னு உங்களுக்கே தெரியாதா சார்?"

"தெரியாதுங்கய்யா. தெரிஞ்சா உங்ககிட்ட இப்படிக் கேட்கவே மாட்டோம்."

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தெரியாதுன்னு சொல்றாரு பாரு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டார். பாராட்டினாரா, அலுத்துக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கையெழுத்து மட்டும் நிதானமாகப் போட்டார்.

முதல் வாரம், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு. அப்புறம் இரண்டு மணிக்கு ஒரு தடவை. என் செல்போனில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். குக்கர் விசில் எது, அலாரம் எது என்று குழம்பிப் போவேன். சித்தி மட்டும் அசரவில்லை. மருந்தை விட்டு, கையைக் கழுவி, சுவரில் ஒட்டிய தாளில் ஒரு கோடு போடுவார். பள்ளிக்கூடமே போகாத மனுஷி. அந்தத் தாளை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

கண் பிழைத்தது. முழுதாக இல்லை. புண் ஆறிய இடத்தில் தழும்பு நின்றுவிட்டது, அதுதான் பூ. அந்தக் கண்ணால் ஆளைத் தெரியும், முகம் தெரியாது. கருவிழி ஓட்டையாகி, அவசரமாக வேறொருவர் தானம் கொடுத்த கருவிழியை வைத்துத் தைக்க வேண்டிய நிலை வரவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வந்தது.

இந்த ஆய்வுக்கு முன்கதை ஒன்று உண்டு. அதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 1990-களில், மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் எத்தனை பேருக்கு வருகிறது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். 1993-ம் ஆண்டுக் கணக்குப்படி ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு 113 பேர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் ஒரு கவுன்ட்டியில் எடுத்த கணக்கு 11. பத்து மடங்கு! 1994-ன் முதல் மூன்று மாதத்தில் மட்டும் அரவிந்துக்கு 434 பேர் புதிய கருவிழிப் புண்ணோடு வந்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதி. டாக்டர் எம்.சீனிவாசனும் சான்ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த டாக்டர் ஜான் விட்சரும் 1997-ல் இதற்கு வைத்த பெயர் 'சத்தமில்லாத கொள்ளைநோய்'. சரியான பெயர் என்றுதான் சொல்வேன். காலராவுக்குத் தண்டோரா போட்டார்கள், கண்ணில் பூ விழுந்ததற்கு யார் போட்டார்கள்?

நோயாளிகள் இங்கே இருக்கிறார்கள் என்பதால் ஆய்வும் இங்கேதான் நடக்க முடியும். 1976-ல் பதினொரு படுக்கையோடு டாக்டர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய மருத்துவமனை, சான்ஃபிரான்சிஸ்கோவின் பிராக்டர் நிறுவனத்தோடு சேர்ந்து இதைச் செய்தது. சித்தப்பா சேர்ந்த ஆய்வு, 2010 ஏப்ரலிலிருந்து 2011 டிசம்பர் வரை மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்தது. 940 பேரைப் பரிசோதித்து 323 பேரைச் சேர்த்தார்கள். டாக்டர் என்.வெங்கடேஷ் பிரஜ்னாவின் பெயரை முதலில் கொண்ட கட்டுரை 2013-ல் வந்தது.

எல்லோரும் புது மருந்துதான் ஜெயிக்கும் என்று நினைத்திருப்பார்கள். வொரிகோனசோல் கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும், ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சைக்கு எதிராக நன்றாக வேலை செய்தது. நேட்டமைசினோ 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணிலிருந்து கிடைத்தது. பாலாடைக் கட்டியில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக்கூடத் தடவுகிறார்கள். கண்ணுக்குள் அவ்வளவாக இறங்காது, குலுக்கித்தான் விட வேண்டும். ஆனால் ஜெயித்தது அந்தக் கிழட்டு மருந்துதான். ஃபியூசேரியம் வந்த கண்களில், பார்வை அட்டையில் நான்கு வரி அளவுக்குக் கூடுதல் பார்வை. கருவிழி ஓட்டையாவதும் அதில்தான் குறைவு. புது மருந்துக்காரர்களுக்கு அதிகம் ஓட்டை விழுகிறது என்று தெரிந்ததும், ஆய்வைக் கண்காணித்த தனிக்குழு ஆள் சேர்ப்பதைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டது.

அந்த நாலு பக்கத்தை வாசித்தபோது எனக்குப் புரியாத ஒன்று இதைப் படித்தபோது புரிந்தது. என் தம்பி கேட்ட 'நல்ல மருந்தை' அன்று டாக்டர் தன் எண்ணப்படி எடுத்துக் கொடுத்திருந்தால், அது வொரிகோனசோலாகவே இருந்திருக்கலாம்.

செய்தியை ஊரில் போய்ச் சொன்னேன். கேட்டதும் வீட்டுக்குள் சண்டை. "பழைய மருந்துதான் விட்டோம். இமையில வெள்ளை வெள்ளையாப் படிஞ்சு நின்னுச்சு, நான்தானே தொடைச்சேன்" என்றார் சித்தி. "அது பீளைடீ" என்றார் சித்தப்பா. தம்பி குறுக்கே, "புதுசு போட்டிருந்தா இன்னும் கெட்டிருக்குமா?" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கவா என்றேன். சித்தப்பா வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போய்விட்டார். இரண்டில் ஒருவேளை தப்பானது அவருக்கு விழுந்திருந்தால்? அந்தக் கேள்வியை நான் இன்னும் முழுதாக விழுங்கவில்லை. குலுக்கலில் யாராவது அந்தப் பக்கம் இருந்துதான் ஆக வேண்டும் என்று மூளை சொல்கிறது. சித்தப்பாவின் கண்ணைப் பார்த்தால் மூளை பேசாமல் இருக்கிறது.

இதே மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் இன்னொரு ஆய்வும் நடந்திருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஏறத்தாழ 48,000 பேர் வாழும் ஊர்களில், கிராம சுகாதாரப் பணியாளர்கள் ஒன்றரை வருடம் கண்ணில் அடிபட்டவர்களைத் தேடிப் பார்த்தார்கள். கருவிழியில் கீறல் இருந்தால் மூன்று நாள், தினம் மூன்று வேளை ஒரு சாதாரணக் களிம்பு. ஒரு பிரிவுக்கு அதோடு பூஞ்சைக்கான களிம்பும். 2006-ல் முடிவு வந்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட கீறல்கள், கிட்டத்தட்ட எல்லாமே சிக்கலில்லாமல் ஆறிவிட்டன. மருந்து எது என்பதைவிட, கீறிய உடனே ஆள் வந்துவிட்டார் என்பதுதான் அதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பத்து நாள் கழித்து வந்தவரின் வீட்டுக்காரி நான்.

அதனால் சொல்கிறேன். கண்ணில் நெல்லோ, கரும்புச் சோகையோ, தூசியோ பட்டால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். நாக்கால் எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். எண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நீங்களாகச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாள் சிவப்பு குறைந்து குணமானது போலத் தெரியும். உள்ளே பூஞ்சைக்கு அது கொண்டாட்டம். உறுத்தல், வலி, கண் கூசுவது இருந்தால் அன்றைக்கே கண் டாக்டர். அறுப்பு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இப்போது எங்கள் ஊரில் அறுப்பு மெஷின் வந்துவிட்டது. அது கிளப்புகிற தூசி முன்னைவிட மோசம். தம்பி பாதுகாப்புக் கண்ணாடி நாலு வாங்கிவந்து கொடுத்தான். வேர்க்கிறது என்று யாரும் போடவில்லை, திண்ணை ஆணியில் தொங்குகிறது. போன மாசியில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கண்ணில் ஏதோ பட்டுவிட்டது. யாரோ விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவர, சித்தப்பா களத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தியது ரோடு வரைக்கும் கேட்டதாம். பைக்கில் உட்காரவைத்து அப்போதே அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் அந்தப் பெண் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். லேசான கீறல்தான், களிம்பு கொடுத்திருக்கிறார்கள். நான் ரெண்டு டம்ளர் அரிசி கூடப் போட்டேன்.