இன்றைக்கு ராத்திரி எந்தத் தீவு?

மெக்ஸிகோவின் லா பாஸ் நகரத்திலிருந்து பாய்மரப் படகில் கிளம்பி, தீவு தீவாக நங்கூரம் போட்டபடி வடக்கே போவது, ஜோடியாகக் கடல் சுற்றும் கணவன் மனைவியருக்குப் பிடித்தமான பயணம். மாலுமி, சமையல்காரர், காவல்காரர் எல்லாமே அவர்கள் இருவர்தான். கலிஃபோர்னியா வளைகுடாவில் இருக்கும் இந்தத் தீவுகளை 2005-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது யுனெஸ்கோ.

முதலில் வருவது எஸ்பிரிட்டு சாண்டோ தீவு. மேற்குக் கரை முழுக்க, கைவிரல்களை விரித்து வைத்ததுபோல வரிசையாகக் குடாக்கள். சிவந்த பாறை, நெடுநெடுவென்று கள்ளிச்செடிகள், வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர். பார்த்ததுமே 'இங்கேயே தங்கிடலாம்' என்று தோன்றும். சிக்கலே அங்கேதான்!

வெயில் காலத்தில் பொழுது சாய்ந்ததும் 'கொரோமுவேல்' காற்று கிளம்பும். பசிபிக் கடலின் குளிர்ந்த காற்று, பாலைவனத்தைத் தாண்டி வளைகுடாவுக்குள் இறங்கி, தென்மேற்கிலிருந்து விடிய விடிய வீசும். குரோம்வெல் என்ற கடற்கொள்ளையன் பெயர்தான் இப்படித் திரிந்தது என்று ஒரு கதையும் உண்டு. மதியம் குளம்போலக் கிடந்த குடா, ராத்திரியில் படகைத் தூக்கித் தூக்கிப் போடும். நங்கூரம் பிடிவிட்டால் பின்னால் பாறைதான்.

அதனால், அழகைவிட 'குடாவின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது' என்பதே முக்கியம். சான் பிரான்சிஸ்கோ தீவின் கொக்கி வடிவக் குடா, குளிர்கால வடக்குக் காற்றுக்கு நல்ல அடைக்கலம். கொரோமுவேலுக்கோ திறந்த வாசல். வடக்குக் காற்று நாள்கணக்கில் வீசினால், அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான். கடை கிடையாது. கையில் இருக்கும் தண்ணீரும் அரிசியும்தான் துணை.

நங்கூரம் போடும்போது ஒருவர் படகின் முன்முனையில், மற்றவர் சுக்கானில். காற்றிலும் இன்ஜின் சத்தத்திலும் கத்திப் பேசினால் சண்டையில்தான் முடியும். அதனால் கைஜாடை மட்டும். ஐந்து மீட்டர் ஆழம் என்றால் குறைந்தது 25 மீட்டர் சங்கிலி. பிறகு இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி, நங்கூரம் மண்ணில் பதிந்ததா என்று பார்ப்பார்கள். கரையில் ஒரு பாறையையும் அதன் பின்னால் ஒரு கள்ளியையும் நேர்கோட்டில் குறித்துக்கொள்வார்கள். கோடு விலகினால் படகு நகர்கிறது என்று அர்த்தம்.

அனுபவப்பட்ட ஜோடிகள் பலர் வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு. இருவரில் ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றாலும், வாக்குவாதமே இல்லாமல் வெளிச்சம் இருக்கும்போதே நங்கூரத்தைத் தூக்கி அடுத்த குடாவுக்குப் போய்விட வேண்டும். 'நான்தான் சொன்னேனே' என்ற பேச்சு, ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் உதவாது.