கீழே இன்னும் சிலர் இருக்கிறார்கள்

கணினித் திரையின் வலது ஓரத்தில் ஒல்லியாக ஒரு கோடு நிற்குமே, பிடித்து இழுத்தால் பக்கம் மேலும் கீழும் போகுமே, அதற்குத் தமிழில் உருள்பட்டை என்று பெயர். எங்கள் நிலையத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஸ்க்ரோல் பார் என்றால்தான் எல்லாருக்கும் புரியும். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு மாதம் என் சனிக்கிழமைகளை எல்லாம் அந்தக் கோடுதான் தின்று தீர்த்தது.

ஞாயிறு காலை நிகழ்ச்சியில் நேயர்களின் பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்துகளையும் நினைவஞ்சலிகளையும் வாசிப்போம். ஒரு காலத்தில் கடிதமாக வந்தவை இப்போது வாட்ஸ்அப்பில் வருகின்றன. ஒருவர் அவற்றைத் தட்டச்சு செய்து பட்டியலில் சேர்ப்பார். ஒலிபரப்பு அறையில் அறிவிப்பாளரின் எதிரே இருக்கும் திரையில் அந்தப் பட்டியல் தெரியும். அதற்காக வாங்கிய மென்பொருளில் சரியாக 12 வரிகளுக்குத்தான் இடம். 13-வது பெயர் வந்தால் பெட்டிக்குக் கீழே போய்விடும். தள்ளிப் பார்க்க வழி கிடையாது. இன்னும் இருக்கிறது என்று சொல்ல ஓர் அம்புக்குறிகூடக் கிடையாது.

வழக்கமான ஞாயிறுகளில் எட்டு, பத்துப் பெயர்கள்தான் வரும். அதனால் இது நெடுநாள் யார் கண்ணிலும் படவில்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்றுதான் வெளிப்பட்டது. மறுநாள் நிபோங் திபாலில் இருந்து ஒரு பாட்டி அழைத்தார்.

"பாப்பா, எங்க வீட்டுக்காரருக்கு அஞ்சாவது வருஷ நினைவு நாள். பேரன்கிட்ட சொல்லி முன்கூட்டியே அனுப்பிட்டேன். விளக்கேத்தி வச்சுட்டு ரேடியோ பக்கத்துலேயே உக்காந்திருந்தோம். எல்லார் பேரும் வந்துச்சு. அவர் பேரு மட்டும் வரல."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். அன்று நிகழ்ச்சியை நடத்திய சக அறிவிப்பாளர் திரையில் இருந்த எல்லாப் பெயர்களையும் ஒன்று விடாமல் வாசித்திருந்தார். பதிவைத் திறந்து பார்த்தபோது அன்றைக்கு 17 பேர் இருந்தார்கள். தாத்தா 15-வது. மறு ஞாயிறு அவர் பெயரைத்தான் முதலில் வாசித்தோம். ஆனால் நினைவு நாள் என்பது அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கிற சமாச்சாரமா?

மென்பொருளை விற்றவர்களிடம் கேட்டோம். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். நிலையத்திலேயே ஒருவர், வாரம் 12 பெயர் என்று அளவு வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லையே என்றார். எனக்கு அதுதான் உறுத்தியது. பெட்டி சின்னது என்பதற்காக மனிதர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதா?

என் சித்தி மகன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மென்பொருள் வேலை செய்கிறான். 1972-இல் இன்டெல்லும் எச்.பி.யும் வந்து இறங்கிய அந்த வட்டாரத்தில், இன்று எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் கணினி தெரிந்த ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கும். லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். "அக்கா, ஒரு பெட்டிக்கு ஸ்க்ரோல் போடுறது பத்து நிமிஷ வேலை" என்றான். இந்தத் துறைக்காரர்களின் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பைத்தான் மொழியில், டிகேஇன்டர் என்ற கருவியைக் கொண்டு எழுதினோம். பைத்தானை நிறுவும்போதே அதுவும் கூட வந்துவிடும். புதிதாக எதை நிறுவினாலும் ஆயிரம் அனுமதி கேட்கும் எங்கள் நிலையத்துக் கணினிக்கு அது தோதாக இருந்தது. இதற்கு அடித்தளமான டிகே, 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஊஸ்டர்ஹவுட் என்ற பேராசிரியர் தொடங்கிய வேலை. வெறும் எழுத்துப் பெட்டியோ சாதாரணப் பட்டியலோ போதும் என்றால் அதில் ஸ்க்ரோல் எளிது. எங்களுக்கோ ஒவ்வொரு வரியிலும் பெயர், ஊர், செய்தி, பக்கத்தில் 'வாசித்தாயிற்று' என்று ஒரு பொத்தான், எல்லாம் வேண்டும். இவற்றை அடுக்கி வைக்க ஃபிரேம் என்ற சட்டகம் இருக்கிறது. அந்தச் சட்டகத்துக்குத் தானாக உருளத் தெரியாது.

அதனால் ஒரு தந்திரம் செய்ய வேண்டும். படம் வரைவதற்கான கேன்வாஸ் என்ற பரப்புக்கு உருளத் தெரியும். அதன் மேல் சட்டகத்தை ஒரு படம் போல ஒட்டிவிட்டு, உருள்பட்டையைக் கேன்வாஸுடன் இணைக்க வேண்டும். தம்பி இதைச் சொன்னபோது எனக்குப் பிடிபடவில்லை. தைப்பூசத்தை நினைத்த பிறகுதான் புரிந்தது. பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடி ஜன்னலில் நிற்கிறீர்கள். வெள்ளி ரதம் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. ஜன்னல் அசையாது, ஊர்வலம்தான் நகர்கிறது. ஒரு நேரத்தில் ஜன்னல் அளவுக்குத்தான் கண்ணில் படும். அதற்காக ஊர்வலம் அவ்வளவுதான் என்று யாராவது நினைப்பார்களா? கேன்வாஸ்தான் ஜன்னல். அதற்குப் பின்னால் நகர்கிற நீளமான ஊர்வலம் எங்கள் சட்டகம்.

ஆனால் ஊர்வலம் எவ்வளவு நீளம் என்று ஜன்னலுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பட்டை அசையாமல் நிற்கும். ஒரு தடவை சொன்னாலும் போதாது. ஒவ்வொரு புதுப் பெயர் சேரும்போதும் மறுபடி அளந்து சொல்ல வேண்டும். விட்டால் 13-வது பெயர் பழையபடி இருட்டுக்குள் போய்விடும். பழைய மென்பொருளிலும் இப்படி ஏதோ ஓர் இணைப்புத்தான் விடுபட்டிருக்கும் என்று தம்பி ஊகித்தான்.

ஊடகத்துறையில் பட்டம் படித்தபோது, முக்கியமான செய்தி நாளிதழின் மடிப்புக்கு மேலே வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கடையில் மடித்து வைத்திருக்கும்போது அந்தப் பாதிதானே தெரியும்? என்றாலும் நாளிதழைக் கையில் எடுப்பவருக்கு உள்ளே இன்னும் பக்கங்கள் இருப்பது அதன் கனத்திலேயே தெரிந்துவிடும். ஓலைச்சுவடிக் கட்டும் அப்படித்தான். திரைக்கு அந்தக் கனம் கிடையாது. கனத்துக்குப் பதிலாக வந்ததுதான் இந்தப் பட்டை. 1970களில் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான ஜன்னல் திரைகளிலேயே அது இருந்தது. 1984-இல் ஆப்பிளின் மேக்கிண்டோஷ் வழியாகப் பல மேசைகளுக்கு வந்தது. விண்டோஸ் 95-இல் பட்டைக்குள் நகரும் கட்டையின் நீளமே சேதி சொல்லத் தொடங்கியது. கட்டை நீளமாக இருந்தால் மிச்சம் கொஞ்சம்தான். குட்டையாக இருந்தால் இன்னும் நிறைய இருக்கிறது.

இவ்வளவு நல்ல அறிவிப்பைப் பிறகு மறைக்கத் தொடங்கினார்கள். 2011-இல் ஆப்பிளின் லயன் பதிப்பில், தொடுபலகையில் விரல் நகரும்போது மட்டும் பட்டை தோன்றி மறையும்படி செய்தார்கள். உருட்டும் திசையையும் அப்போதுதான் திருப்பிப் போட்டார்கள். அதுவரை விரல் ஜன்னலை நகர்த்தியது, அன்றிலிருந்து ஊர்வலத்தை நகர்த்துகிறது. திசை பழகிவிடும், அதில் எனக்கு வழக்கில்லை. பட்டையை ஒளித்து வைப்பதுதான் எனக்கு ஆகாது. பார்க்க அழகுதான். ஆனால் கீழே இருப்பது ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் கீழே போகத் தோன்றும். என் அம்மா ஒரு படிவத்தைத் திறந்து, 'சம்மதம்' பொத்தானைக் காணோம் என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான்.

எங்கள் வேலையில் பட்டைக்கு அடுத்த தலைவலி தமிழ். நம்மவர்களின் வாழ்த்து இரண்டு சொல்லில் முடியாது. அம்மா, அப்பா, பெரியப்பா, பெரியம்மா, மாமா, அத்தை, அண்ணன், அண்ணி, தாய்வழிப் பாட்டி என்று வாழ்த்துவோர் வரிசை நீண்டுகொண்டே போகும். அது வலப்பக்கம் ஓடினால் கீழேயும் ஒரு பட்டை போட்டுப் பக்கவாட்டில் தள்ளிப் படிக்க வேண்டும். நேரலையில் அது நடக்காத காரியம். பாதி வாக்கியத்தில் மூச்சை நிறுத்திக்கொண்டு மவுஸைத் தேட முடியுமா? மேல்-கீழ் மட்டும் போதும், வரிகள் பெட்டிக்குள்ளேயே மடிந்து இறங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஜன்னலின் அகலம் மாறும்போதெல்லாம் மடிப்பின் அகலத்தையும் மாற்றித் தர வேண்டியிருந்தது. இந்த ஒன்றுக்கே இரண்டு சனிக்கிழமைகள் போயின.

மவுஸ் சக்கரம் தனிக் கதை. 1996-இல் மைக்ரோசாஃப்டின் இன்டெலிமவுஸ் வந்த பிறகு பரவலான சக்கரம் அது. கேன்வாஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம். நிலையத்தின் விண்டோஸில் சக்கரத்தின் ஒரு நகர்வு 120 என்ற எண்ணாக வருகிறது. தம்பியின் லினக்ஸ் மடிக்கணினியில் அதே நகர்வு, 4-வது பொத்தானையோ 5-வது பொத்தானையோ அழுத்தியதாகப் பதிவாகிறது. ஐந்து விரலுக்கும் பொத்தான் வைத்த மவுஸை யார் பார்த்தார்கள்?

நான் கேட்டு வாங்கிய இன்னொன்று, வாசிக்கும்போது பட்டியல் குதிக்கக் கூடாது. புதுச் செய்தி வந்தவுடன் திரை தானாகக் கடைசி வரிக்கு ஓடுவது அரட்டைச் செயலிகளுக்குச் சரி. ஒருவரின் அஞ்சலியைப் பாதி வாசித்திருக்கும்போது காலடித் தரை நகர்ந்தால் எப்படி இருக்கும்? பட்டை எங்கே நிற்கிறது என்பதைக் கேன்வாஸ் 0 முதல் 1 வரையான பின்னமாகச் சொல்லும். ஏற்கெனவே அடியில், அதாவது 1-இல் நின்றால் மட்டும் புதுப் பெயரைத் தொடர்ந்து இறங்கும். நடுவில் நின்றால் அசையாது.

கடைசியாக, பெட்டிக்கு அடியில் ஒரு வரி சேர்த்தோம்: 'கீழே இன்னும் 5 பேர்'. உருட்ட உருட்ட அந்த எண் குறையும். பட்டையையும் கட்டைவிரல் அகலத்துக்கு, அடர்நீல நிறத்தில் வைத்தேன். சக அறிவிப்பாளர் பார்த்துவிட்டு, "என்னம்மா, சாலைத் தடுப்பு மாதிரி இருக்கு" என்றார். மாற்றவில்லை.

சென்ற தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு 41 பெயர்கள் வந்தன. நிபோங் திபால் பாட்டியின் செய்தி 28-வதாக இருந்தது, வாசித்தோம். எல்லாரையும் வாசித்து முடிக்க நேரம் போதாமல் இரண்டு பாடல்களை விட வேண்டியிருந்தது. பாட்டு ஏன் குறைந்தது என்று கேட்டு நான்கு பேர் அழைத்தார்கள்.