வரிசையில் நின்ற மரண அறிவித்தல்

கணினி வலையமைப்பின் கொள்ளளவு என்று தொடங்கினால் வாசகர்களில் பாதிப்பேர் இவ்விடத்திலேயே விடைபெற்றுவிடுவார்கள் என்பதை அறிவேன். கலைப்பட்டதாரியான எனக்கும் அது இனிக்கும் விடயமாக இருந்ததில்லை. ஆயினும் எமது நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளில் மிகக் கவனமாக வாசிக்கப்படும் பக்கம் மரண அறிவித்தல் பக்கமே என்பதையும், அந்தப் பக்கத்துக்கும் இந்தக் கொள்ளளவுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதையும் சொன்னால் சற்றுப் பொறுத்திருப்பீர்கள் என நம்புகிறேன்.

2003ஆம் ஆண்டு. போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். நான் அப்போது பணிபுரிந்த நாளேடு தனது விளம்பரப் பகுதியைக் கணினிமயமாக்கியது. கொழும்புத் தலைமைக் காரியாலயத்தில் ஒரு சேவையகம். கிளைக் காரியாலயங்களில் அதனோடு பேசும் கணினிகள். 'கிளையன்ற் - சேர்வர்' என்று அந்நாட்களில் பெருமையோடு சொல்லப்பட்ட முறை. மட்டக்களப்புக் கிளையில் எழுதுவினைஞர் படிவத்தை நிரப்பிப் படத்தை இணைத்துப் பொத்தானை அழுத்தினால், கொழும்பில் பக்கம் அமைப்பவரின் திரையில் அறிவித்தல் வந்து நிற்கும். அதுவரை தொலைநகலில் வந்த கையெழுத்தையும் கறுப்புத் திட்டாய் வந்த முகங்களையும் நம்பி வாழ்ந்த எமக்கு அது ஒரு வரமாகவே தோன்றியது.

மென்பொருளை விற்ற நிறுவனம் மட்டக்களப்புக்கு எவ்வளவு பெரிய இணைப்புத் தேவை என்பதையும் கணக்கிட்டுக் கொடுத்தது. கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியாது. நாளொன்றுக்கு 32 விளம்பரங்கள். வேலை நேரம் 8 மணித்தியாலம். ஆகவே மணிக்கு 4. ஒவ்வொன்றுடனும் வரும் படம் ஏறத்தாழ 1.2 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட்; செக்கனுக்கு 64 கிலோபிட் செல்லும் செய்மதி இணைப்பில் அதை அனுப்ப 150 செக்கன் பிடிக்கும். நான்கு படங்களுக்கு 600 செக்கன். ஒரு மணித்தியாலத்தில் இருப்பதோ 3600 செக்கன். இணைப்பின் ஆறில் ஒரு பங்குதான் பயன்படும், ஐந்து பங்கு சும்மா கிடக்கும் என்று முகாமைத்துவத்துக்கு விளக்கப்பட்டது. முகாமைத்துவமும் மகிழ்ந்தது.

மரண வீட்டின் நேர அட்டவணை அந்தக் கணக்கில் இருக்கவில்லை.

இரவில் ஒருவர் இறந்தால் காலையில் எவரும் பத்திரிகைக் கந்தோருக்கு ஓடி வருவதில்லை. வைத்தியசாலையில் உடலைப் பொறுப்பேற்க வேண்டும். கிராம சேவகரின் கடிதம் வேண்டும். கலியாண அல்பத்தில் நல்லதொரு படம் தேட வேண்டும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மகன் எப்போது வந்திறங்குவான் என்று தெரிந்த பின்னரே கிரியையின் நேரம் முடிவாகும். மருமக்களின் பெயர்களை எந்த ஒழுங்கில் போடுவது என்ற வழக்கும் தீர வேண்டும். இவ்வளவும் முடிந்து அவர்கள் வந்து சேரும்போது மாலை நான்கு மணி. ஐந்து மணிக்கு விளம்பரம் ஏற்பது நிறுத்தப்படும். ஐந்தரைக்கு வெளிமாவட்டப் பதிப்பின் பக்கம் மூடப்படும்.

ஆகவே 32இல் 20 விளம்பரங்கள் அந்த ஒரே மணித்தியாலத்தில் வந்தன. 20 படங்களுக்கு 3000 செக்கன். இப்போது இணைப்பின் ஆறில் ஐந்து பங்கு நிறைந்துவிட்டது. 'இன்னும் ஒரு பங்கு இருக்கிறதே' என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பள்ளிக்கூடக் கணக்கு கைவிடுகிறது. பலர் ஒரே இணைப்பைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, காலியாக இருக்கும் பங்கு ஆறில் ஒன்றாகச் சுருங்கினால், ஒரு படம் போய்ச்சேரும் நேரம் சராசரியாக ஆறு மடங்காகிறது. 150 செக்கன் 900 செக்கனாகிறது. அதாவது கால் மணித்தியாலம். அது சராசரி, சிலருக்கு அதிலும் அதிகம். ஒரு மணித்தியால நெருக்கடிக்கு இந்தச் சூத்திரம் அண்ணளவே என்றாலும், நாங்கள் கண்டது அதற்கு வெகுதூரத்தில் இருக்கவில்லை.

இது புதிய ஞானமும் அன்று. கொப்பன்கேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர் 1909இலும் 1917இலும் வெளியிட்ட கட்டுரைகளில் இதற்கான அடித்தளம் இருக்கிறது. தொலைபேசிப் பொறியியலாளர்கள் நாளின் சராசரியைக் கொண்டு கம்பி போடுவதில்லை. நாளில் அதிக நெருக்கமான ஒரு மணித்தியாலத்தை எடுத்தே கணக்கிடுவார்கள். ஒரு கம்பி முழுநேரமும் நிறைந்திருப்பதை 'ஒரு ஏர்லாங்' என்று அளக்கும் வழக்கம் 1946இல் சர்வதேச ரீதியில் ஏற்கப்பட்டது. தந்தி, தொலைபேசிக்காரர்கள் நன்கறிந்திருந்த ஒன்றை மென்பொருள்காரர்கள் எவ்வாறு மறந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பே.

அந்த ஆண்டின் ஒரு மாலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மரண அறிவித்தலுடன் அவருடைய மகன் நாலரைக்குக் கிளைக்கு வந்திருக்கிறார். பணம் கட்டிப் பற்றுச்சீட்டும் பெற்றுச் சென்றார். படம் பாதிவழி போனபோது தொடர்பு அறுந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. படம் முழுமையாக வந்து சேர்ந்தால் மட்டுமே அறிவித்தல் பதிவாகும் வகையில் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. அரைகுறைப் பதிவு கூடாது என்பது நல்ல கொள்கைதான். ஆனால் ஐந்தரைக்குப் பக்கத்தை மூடிய எமக்கு அப்படியொரு அறிவித்தல் வந்துகொண்டிருப்பதே தெரியாது. வராத ஒன்றுக்காக எவரும் பக்கத்தை நிறுத்திவைக்க முடியாது.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு நல்லடக்கம் நடந்தது. உறவினருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம். முப்பது வருடம் படிப்பித்த மனிதரின் மாணவர்களுக்கு யார் சொல்வது? கல்முனையிலும் திருகோணமலையிலும் பதுளையிலும் இருந்தவர்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் அறிவார்கள். மகன் கிளைக்கு வந்து பற்றுச்சீட்டையும் அன்றைய பத்திரிகையையும் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாராம். "அவர் ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும், அண்ணன்" என்று எழுதுவினைஞர் என்னிடம் தொலைபேசியில் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். 31ஆம் நாள் அறிவித்தலை அந்தக் குடும்பம் வேறு பத்திரிகையில் வெளியிட்டது.

மென்பொருள் நிறுவனத்திடம் முறையிட்டபோது இணைப்பை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள். மாத வாடகை கூடியது. படங்கள் விரைவாகத்தான் வந்தன. கால் மணித்தியாலம் இரண்டு நிமிடம் சொச்சமாக இறங்கியது. ஆறில் ஐந்து பங்கு நிறைந்த இடத்தில் சிறு விலகலும் பெரிய நிம்மதி தரும். ஆனால் கிளையின் முன்னே நின்ற மனித வரிசை குறையவில்லை. ஒரு படிவத்தை நிரப்பவே எழுதுவினைஞருக்கு முன்போலவே இரண்டரை நிமிடம் பிடித்தது. கொழும்பில் அதே படிவம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. கிளைக்காரருக்குக் கணினி பழக்கமில்லை என்று ஒரு குற்றச்சாட்டும் எழுந்தது. தலைமைக் காரியாலயங்களுக்கே உரிய நோய் அது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் விடுமுறையில் பயிற்சிக்கு வந்திருந்த பொறியியல் பீட மாணவர். எதீரியல் என்ற இலவச மென்பொருளால் - 2006இல் இதற்கு வயர்ஷார்க் என்று பெயர் மாறியது - இணைப்பில் போய்வருவனவற்றை எண்ணினார். ஒரு படிவத்துக்காகக் கிளைக் கணினி சேவையகத்திடம் ஏறத்தாழ 300 தடவை கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை காத்திருந்தது. விளம்பரக் கட்டணப் பட்டியலைக்கூட வரிவரியாகக் கேட்டது. கறி சமைக்க உட்கார்ந்தவர் உப்புக்கு ஒருமுறை, புளிக்கு ஒருமுறை, மிளகாய்க்கு ஒருமுறை என்று கடைக்கு நடந்த கதைதான்.

கொழும்புக் கட்டடத்துக்குள் ஒரு கேள்வி போய்வர ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கும் ஆகாது. மட்டக்களப்பு தரைவழியே முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆனால் செய்மதி நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி ஏறி இறங்க வேண்டும், பதிலும் ஏறி இறங்க வேண்டும். கூட்டினால் 1,43,000 கிலோமீற்றருக்கு மேல். ஒளியின் வேகத்தில் போனாலும் அரைச் செக்கன். 300 கேள்விக்கு 150 செக்கன்; அதுதான் அந்த இரண்டரை நிமிடம். இணைப்பை நூறு மடங்கு அகலமாக்கினாலும் அதில் ஒரு செக்கன் குறையாது. வீதியை அகலமாக்கினால் வாகன நெரிசல் தீரும். ஊர் கிட்ட வராது.

மருந்து மிக எளியதாக இருந்தது. கட்டணப் பட்டியலைக் காலையில் ஒருமுறை இறக்கிக் கிளைக் கணினியிலேயே வைத்துக்கொள்வது. படிவத்தை முழுமையாக நிரப்பி ஒரே தடவையில் அனுப்புவது. எழுத்து முதலில் போய்ப் பதிவாக, படம் பின்னால் வருவது. படத்தையும் ஜேபெக் முறையில் 120 கிலோபைட் அளவுக்குச் சுருக்குவது. பத்திரிகைத் தாளில் எட்டு சென்ரிமீற்றர் அகலத்தில் அச்சாகும் முகத்துக்கு அது தாராளம். 64 கிலோபிட் இணைப்பிலேயே ஒரு படம் 15 செக்கனில் போகும். நெருக்கடி மணியின் 20 படங்களுக்கும் 300 செக்கன் போதும். இரட்டிப்பாக்கிய வாடகை வீண் செலவு என்பது அப்போதுதான் முகாமைத்துவத்துக்கு விளங்கியது. ஒப்பந்தம் முடியும்வரை கட்டினார்கள்.

இப்போது செய்மதியை நம்பியிருக்க வேண்டியதில்லை. கண்ணாடி இழை வந்துவிட்டது. ஆனால் சேவையகங்கள் கொழும்பிலிருந்து கிளம்பிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டன. ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். இழைக்குள் ஒளி செக்கனுக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வரக் குறைந்தது ஒரு செக்கனின் ஆயிரத்தில் 27 பங்கு. 300 கேள்வி கேட்கும் படிவமானால் எட்டுச் செக்கன். கருமபீடத்தின் முன்னே துயரத்தோடு நிற்பவருக்கு எட்டுச் செக்கனும் நீளம்தான்.

அண்மையில் நண்பரொருவரின் அச்சகத்துக்குக் கணக்கு மென்பொருள் விற்க வந்த இளைஞரிடம், ஒரு பற்றுச்சீட்டு எழுத உங்கள் மென்பொருள் எத்தனை தடவை போய்வரும், மாத இறுதி நாளில் எத்தனைபேர் ஒரே நேரத்தில் எழுதுவார்கள் என்று எடுத்திருக்கிறீர்கள் என இரண்டு கேள்விகள் கேட்டேன். "நூறு மெகாபிட் இணைப்பு எடுத்தால் போதும், ஐயா" என்றார்.