தாத்தாவின் ஃபிரான்ஸ் சைக்கிள்

எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிள் கிடக்கு. தாத்தா 1953-ல் பாண்டிச்சேரியில வாங்கின 'ஃபிரான்ஸ் சைக்கிள்'! சொந்தக்காரங்க எல்லாருக்கும் கதை மனப்பாடம். 1954 நவம்பர் வரைக்கும் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையிலதானே இருந்தது? அதனால யாரும் சந்தேகப்படலை.

மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிற எனக்குத்தான் அரிப்பு. தள்ளிக்கிட்டே அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். பேட்ஜ் மேல நாலு கோட்டிங் கறுப்பு பெயின்ட்.

"பேட்ஜை விடு தம்பி, அதை யார் வேணா மாத்தலாம். மரையைப் பாரு" என்றார் கடைக்கார அண்ணன்.

பெடல் அச்சு உட்காருகிற கப்பில்தான் ரகசியம். பிரிட்டிஷ் முறையில், செயின் பக்கக் கப்புக்கு இடது மரை. கடிகார முள் சுத்துற பக்கம் திருப்பினாத்தான் கழலும். பழைய பிரெஞ்சு வண்டிகளில் பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வலது மரை. பெடல் மரைகூட அவங்களுக்கு 14 மில்லிமீட்டர், நமக்கு 9/16 இஞ்ச்.

கட்டர் பின்னைத் தட்டி, கிராங்கை உருவி, ஸ்பானரைப் போட்டார். கடிகார முள் பக்கமே கழன்றது. கடையில் கிடந்த பெடலும் வெண்ணெய் மாதிரி ஏறியது. எனக்கு முகம் தொங்கிடுச்சு. அப்புறம்தான் பேட்ஜைச் சுரண்டினோம்.

ஹெர்குலிஸ். மேட் இன் இந்தியா.

முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் 1949-ல் சேர்ந்து ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-ல் முதல் ஹெர்குலிஸை வெளியே விட்டது. எங்கே தெரியுமா? சாட்சாத் அம்பத்தூரில்! தாத்தா சொன்ன வருஷம் வேணும்னா சரியா இருக்கலாம். நாடுதான் இடிக்குது.

பாட்டி முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. "என்னடா சொன்னான் கடைக்காரன்?"

"அது ஃபிரான்ஸ் இல்ல பாட்டி. நம்ம அம்பத்தூர்."

கை நின்னுடுச்சு. "ஃபிரான்ஸ் வண்டி வெச்சிருக்கார்னு சொல்லித்தான் எங்கப்பா என்னைக் குடுத்தார்."

எனக்குப் பக்குனு ஆச்சு. ஏண்டா வாயைத் திறந்தோம்னு இருந்தது. பாட்டி அடுத்த கொத்தை எடுத்து உருவ ஆரம்பிச்சாங்க.

"உங்கப்பன்கிட்ட சொல்லிடாதே. பாவம், ஆபீஸ் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கான்."

சாயங்காலமே ஒரு சின்ன டப்பா கறுப்பு பெயின்ட் வாங்கி, பேட்ஜை மூடிட்டேன். (அப்பா இந்தப் பக்கத்தையெல்லாம் புரட்ட மாட்டார்ங்கிற தைரியம்தான்!)