தில்லியில் ஒரு ஐம்புலன் தோட்டம்

பயிற்சி, பேரணி என்று தில்லிக்குப் போகும் நம் விவசாயிகள் செங்கோட்டையையும் குதுப்மினாரையும் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். குதுப்மினார் இருக்கும் மெஹ்ரோலிக்குப் பக்கத்திலேயே, சையத்-உல்-அஜாய்ப் கிராமத்தில் 20 ஏக்கரில் ஐம்புலன் தோட்டம் இருக்கிறது. தில்லி சுற்றுலாக் கழகம் அமைத்து, 2003 பிப்ரவரியில் திறந்தது. சாகேத் மெட்ரோவில் இறங்கினால் பக்கம்.

நிலம் பாறை மேடு. தில்லியில் இப்படிப்பட்ட மேடுகளில் 'விலாயத்தி கீகர்' மண்டிக் கிடக்கும். பெயர்தான் வேறு, நம்ம சீமைக்கருவேலம்தான் அது! இங்கே பாறைகளை உடைத்துத் தள்ளாமல், ஏற்ற இறக்கத்தோடு அப்படியே விட்டுப் பாதை போட்டிருப்பது எனக்குப் பிடித்தது. முகலாயர் பாணியில் அமைந்த காஸ் பாக்கில் வாய்க்கால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது. நீல் பாக்கில் அல்லிக்குளம், சுற்றிலும் கொடிப்பந்தல். அங்கே நூற்றுக்கணக்கில் தொங்கும் பீங்கான் மணிகள் காற்று வந்தால் கலகலக்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எந்தப் பக்கம் குளம் என்று தெரிந்துவிடும். நாக்குக்கு மட்டும் தின்பண்டக் கடைகள்தான்! பிப்ரவரியில் போனால் பூவும் இருக்கும், வெயிலும் சுடாது.

இதை எழுதக் காரணம் ஒரு வாசகியின் கேள்வி. நாற்பது வருடம் ஏர் பிடித்த அவருடைய அப்பாவுக்குக் கண்நீர் அழுத்த நோயால் பார்வை போய்விட்டது. திண்ணையை விட்டு இறங்குவதில்லையாம். வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் இருக்கிறது, அவருக்காக என்ன நடலாம் என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, தில்லித் தோட்டத்தின் யோசனை உங்கள் 3 சென்டுக்கும் பொருந்தும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு மோந்து பார்க்கப் பூ மட்டும் போதாது. கைக்கு வேலை வேண்டும். குனியாமல் வேலை செய்ய 2 அடி உயரத்தில், 3 அடி அகலத்தில் மேட்டுப்பாத்தி கட்டுங்கள். பாத்தி ஓரமாக இடுப்பு உயரத்தில் கயிறு இழுத்துக் கட்டினால் அதைப் பிடித்தே நடப்பார். தொடக்கத்தில் துளசி, திருப்பத்தில் கற்பூரவல்லி, கடைசியில் மருக்கொழுந்து வையுங்கள். இலையைத் தொட்டு மோந்ததும் எங்கே நிற்கிறோம் என்று புரிந்துவிடும். நட்டதை இடம் மாற்றாதீர்கள். பாத்தியில் கீரை, கொத்தவரை போடலாம். மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் விடுவதும் கீரை கிள்ளுவதும் அவர் பொறுப்பாகவே இருக்கட்டும்.

அரளி வேண்டாம், செடி முழுக்க விஷம். எலுமிச்சைப்புல்லின் விளிம்பு கையைக் கீறும், அதைத் தள்ளி நடுங்கள். பூச்சி வந்தால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு போதும், வேறு மருந்து அந்தப் பாத்தியில் அடிக்கவே கூடாது. பக்கத்தில் தரைக்கிணறு இருந்தால் முதலில் அதற்குக் கைப்பிடிச்சுவர் கட்டிவிடுங்கள். பாத்தி போடுவது அதற்கு அப்புறம்தான்.