வடகாற்றுக்குக் காத்திருப்பவர்கள்

டெக்சாஸ் கடற்கரைக்கு வசந்தத்தில் பறவை பார்க்க வருபவர்களுக்கு நல்ல வானிலைதான் எதிரி

ஏப்ரல் மாதத்தின் நடுப்பகுதி. வானம் துல்லியமான நீலம். தெற்கே கடலிலிருந்து இதமான காற்று. சுற்றுலாப் பயணி வேண்டிக்கொண்டு வாங்கி வந்த மாதிரி ஒரு நாள். ஆனால் மெக்சிகோ வளைகுடாக் கரையில் உள்ள ஹை ஐலண்ட் என்ற சிற்றூரின் தோப்பில், குட்டைக்கு எதிரே போட்டிருக்கும் மரக் காலரியில் பைனாகுலரும் கழுத்துமாக உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தில் களையே இல்லை. காலையிலிருந்து கண்ணில் பட்டவை அந்த ஊரிலேயே குடியிருக்கும் சில கார்டினல் பறவைகளும் ஒரு அணிலும்தான். சற்று நேரத்தில் பேச்சு வானிலை அறிக்கை பக்கம் திரும்புகிறது. வடக்கிலிருந்து குளிர்காற்று எப்போது இறங்கும்? மழையும் சேர்ந்து வருமா?

ஹை ஐலண்ட் தீவும் இல்லை, பெரிய உயரமும் இல்லை. பூமிக்கடியிலிருந்து மேலெழும்பிய உப்புக் குமிழ் ஒன்று தரையைச் சுமார் 10 மீட்டர் தூக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை சதுப்பும் புல்வெளியும். மேட்டில் மட்டும் ஓக், ஹேக்பெரி, மல்பெரி மரங்கள். கடல் தாண்டி வரும் பறவைக்குத் தெரியும் முதல் தோப்பு இதுதான்.

அந்தக் கடல் சாதாரணமானதல்ல. யுகடான் தீபகற்பத்தில் இருட்டியதும் கிளம்பும் பறவைகளுக்கு முன்னால் ஏறத்தாழ 1,000 கி.மீ. தண்ணீர். நடுவே இறங்க இடமில்லை. சுமார் 18 மணி நேரம் சிறகடித்து மறுநாள் பகலில் கரையைப் பிடிக்கின்றன. மூன்று கிராம் எடையுள்ள ஹம்மிங் பறவைகூட இந்தப் பயணத்தைச் செய்கிறது. கிளம்பு முன் தின்று கொழுத்து எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. காற்று பின்னாலிருந்து தள்ளினால் இவை கடற்கரையில் நிற்பதே இல்லை. காலரியில் இருப்பவர்களின் தலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் கடந்து, உள்நாட்டுக் காடுகளில்தான் இறங்குகின்றன.

இந்த வெறுமை ஒரு காலத்தில் விஞ்ஞானிகளையே குழப்பியது. வசந்தத்தில் பறவைகள் வளைகுடாவைக் கடக்கின்றனவா என்றே ஹூஸ்டனின் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1945இல் சந்தேகம் எழுப்பினார். கடந்தால் கரையில் காணோமே என்பது நியாயமான கேள்விதானே. லூசியானாவின் ஜார்ஜ் லோவரி அதே ஆண்டில் மறுத்து எழுதினார்: நல்ல வானிலையில் கரை காலியாக இருப்பதற்குக் காரணமே அவை மேலே பறந்து போய்விடுவதுதான் என்பது அவர் கட்சி. 1960களில் சிட்னி கோத்ரோ வானிலை ராடார் திரைகளை ஆராய்ந்து, கடல் மீதிருந்து வரும் பறவைக் கூட்டங்களைக் காட்டினார். லோவரி ஜெயித்தார்.

ஆக, இங்கே தேவை பொறுமை. இரண்டு நாள் ஹோட்டல் அறை எடுத்து வருபவரிடம் அது இருந்தாலும் பயனில்லை. அவருடைய இரண்டு நாளும் வெயிலாக இருந்துவிட்டால் போச்சு. டிரெய்லர்காரர்களின் சௌகரியம் இதில்தான். கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் அடங்கிய சக்கர வீட்டை பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்து வருகிறார்கள். முகாம் மைதானத்தில் மின்சாரத்தையும் தண்ணீர்க் குழாயையும் இணைத்து, நாலு மூலையிலும் ஜாக்கி கொடுத்து நிறுத்திவிட்டால் குடித்தனம் தொடங்கிவிடும். வீடும் எஞ்சினும் ஒன்றாக உள்ள மோட்டார் வீட்டில் பால் வாங்கப் போனாலும் வீட்டையே ஓட்டிப் போக வேண்டும். டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றலாம். என்ன, இழுத்துக்கொண்டு வரும்போது பெட்ரோல் தண்ணீராகச் செலவாகும்.

இவர்களில் பலர் ஓய்வு பெற்ற தம்பதிகள். வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து டெக்சாஸின் தென்கோடியில் குளிர்காலத்தைக் கழிப்பவர்களுக்கு 'விண்டர் டெக்சன்' என்றே பெயர். வசந்தம் வந்ததும் பறவைகளோடு பறவைகளாக வடக்கே திரும்புவார்கள். வழியில் கால்வெஸ்டன் தீவு மாநிலப் பூங்காவில் டிரெய்லரை நிறுத்துவது ஒரு வழக்கம். சீசனில் இடம் கிடைப்பது சுலபமில்லை; பல மாதம் முன்பே பதிவு செய்துவிடுகிறார்கள்.

வடகாற்று வரும்வரை வண்டி ஓட்டலாம். அமெரிக்கக் கடலோரச் சாலைகளில் இதைவிட அழகானவை நிறைய உண்டு. மலையோ பாறையோ இல்லாத தட்டைப் பூமி இது. ஆனால் பறவைக்காக ஓட்டுபவருக்கு இது போல் இன்னொன்று அமைவது கஷ்டம். கால்வெஸ்டனிலிருந்து போலிவர் தீபகற்பத்துக்கு மாநில அரசின் ஃபெர்ரி கட்டணமில்லாமல் வண்டியோடு ஏற்றிச் செல்கிறது. இருபது நிமிடத்துக்குள் அக்கரை. பின்தளத்தில் நின்றால் சிரிப்பது போலக் கத்தும் கடற்காகங்கள் கூடவே வரும், அதிர்ஷ்டமிருந்தால் டால்ஃபின்களும். கூழைக்கடாக்கள் அலைக்கு ஒரு சாண் மேலே வரிசையாகப் போகும்.

அக்கரையில் 1872இன் கலங்கரை விளக்கம் கறுத்து நிற்கிறது. 1900 செப்டம்பரில் கால்வெஸ்டனில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற புயலின்போது நூற்றுக்கும் மேற்பட்டோர் இதற்குள் ஏறித் தப்பினார்கள். 2008 செப்டம்பரில் 'ஐக்' புயல் இதே தீபகற்பத்தின் வீடுகளைத் துடைத்துப் போட்டது. இப்போது மறுபடியும் உயரமான கால்களின் மேல் வரிசை வரிசையாக வீடுகள். துறைமுகத்துக்காகக் கட்டிய கல் தடுப்பின் ஓரமாக மணலும் சேறும் சேர்ந்து உருவானதுதான் போலிவர் ஃபிளாட்ஸ். அவோசெட் எனப்படும் மேல்நோக்கி வளைந்த மூக்குடைய நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் தலையை ஆட்டி நீரைத் துழாவுவதைப் பார்க்க அரை நாள் ஒதுக்கலாம்.

சாலை எண் 87 ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் சதுப்புமாக ஹை ஐலண்டுக்குப் போகிறது. அங்கிருந்து 124இல் வடக்கே திரும்பினால் அனவாக் தேசியக் காப்பகம். ஷவலர் குளத்தைச் சுற்றி 4 கி.மீ. வண்டிப் பாதை. இங்கே இறங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். நாணலோரத்து ஊதா நிறக் காலினூல் வண்டியைச் சட்டை செய்யாது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தால் காணாமல் போய்விடும். தவிர, பாதையோரம் வெயில் காயும் அலிகேட்டர் முதலைகளும் ஒரு காரணம்.

ஹை ஐலண்டின் ஸ்மித் ஓக்ஸ் தோப்பில் அதே முதலைகள்தான் காவலாளி. குளத்து நடுவிலுள்ள திட்டில் ரோஜா நிறக் கரண்டிவாயன்களும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ரக்கூன் முட்டை திருட நீந்தி வந்தால் முதலை விடாது. எப்போதாவது குஞ்சு ஒன்று தண்ணீரில் விழும். அது காவலுக்குக் கூலி.

பிறகு ஒரு நாள் அது வருகிறது. மதியம் வடக்கே வானம் கறுத்து, காற்று திரும்பி, மழை அடிக்கிறது. கடலில் 900 கி.மீ. தாண்டிவிட்ட பறவைகள் கடைசி நேரத்தில் எதிர்காற்றில் மாட்டுகின்றன. கரையைத் தொட்டவை தொட்ட இடத்தில் விழுகின்றன. ஃபால்அவுட் என்று இதற்குப் பெயர். தோப்பில் இலைக்கு இலை பறவை. செக்கச்சிவந்த டேனேஜர்கள் மல்பெரி மரத்தில்; நீல இண்டிகோ பன்டிங்குகள் புல்தரையில்; பால்டிமோர் ஓரியோல்கள் வேலிக் கம்பியில் (நிறம் நம்மூர் மாங்குயிலை நினைவூட்டும், உறவு கிடையாது). விரல் நீளமுள்ள வார்ப்ளர் குருவிகள் ஆள் கால் அருகே புழு தேடுகின்றன. பைனாகுலரே வேண்டாம். ஆண்டு முழுக்கக் காத்திருந்தவர்கள் குதூகலத்தை அடக்கிக்கொண்டு கிசுகிசுக்கிறார்கள்.

அவை அருகே வருவதற்குக் காரணம் நட்பல்ல, நகரத் தெம்பில்லாததுதான். நெஞ்சுத் தசையையே எரித்துப் பறந்து வந்திருக்கின்றன. கரைக்கு வர முடியாதவை கடலில் விழுகின்றன. அவற்றை யாரும் எண்ணுவதில்லை. பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த நாள் பறவைகளுக்கு மிக மோசமான நாள். தெரிந்தேதான் வேண்டிக்கொள்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, பாதையை விட்டு இறங்கிப் படமெடுப்பவரையும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பவரையும் மற்றவர்கள் கடிந்துகொள்கிறார்கள்.

இந்தத் தோப்புகள் இல்லாவிட்டால் இறங்கவும் இடமிருக்காது. ஹூஸ்டன் ஆடுபான் சங்கம் 1980களிலிருந்து இங்கே நிலத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து வந்திருக்கிறது. வட அமெரிக்காவில் 1970இல் இருந்ததைவிட ஏறக்குறைய 300 கோடி பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. கால்வெஸ்டன் தீவிலேயே 1962இல் எஸ்கிமோ கர்லூ என்ற உள்ளானைப் படம் பிடித்தார்கள். 1963க்குப் பிறகு அந்த இனத்தை யாரும் ஐயத்துக்கிடமில்லாமல் பார்க்கவில்லை. 2017 மே மாதம் ஒரு புயலிரவில், அதே நகரின் 23 மாடிக் கட்டடத்தின் மீது மோதி ஏறத்தாழ 400 பறவைகள் செத்தன. சுவருக்கு அடித்திருந்த விளக்கொளி அவற்றை ஈர்த்திருந்தது. இடம்பெயரும் காலங்களில் அந்த விளக்குகளை அணைத்துவைக்கக் கட்டட நிர்வாகம் பின்னர் முடிவெடுத்தது.

ஃபால்அவுட் அதிக நாள் நீடிக்காது. பழமும் புழுவும் தின்று தேறியவை, காற்று தெற்கே திரும்பியதும் இருட்டோடு கிளம்பிவிடுகின்றன. காலையில் காலரி முன்னால் மறுபடியும் கார்டினல்கள்தான். கால்வெஸ்டன் பூங்காவில் சில டிரெய்லர்களின் ஜாக்கிகள் மேலே ஏறுகின்றன. தண்ணீர்க் குழாயை உதறிச் சுருட்டி, பிக்கப்பைப் பின்னோக்கி எடுத்து மாட்டுகிறார்கள். மற்றவர்கள் இன்னொரு வாரம் இருந்து பார்க்கிறார்கள்.